டிவி பேரே காட்ட மாட்டேங்குதே!

கேள்வி: போன்ல ஸ்கிரீன் ஷேர் அமுக்கினா டிவி பேர் வரதே இல்ல, எப்பவாவது வந்தாலும் 'கனெக்டிங்'னு சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டும் ஒரே வைஃபைதான் சார், என்ன பண்றது?

பதில்: ஒரே வைஃபைன்னு நினைக்கறீங்க, ஆனா ரௌட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு (விருந்தாளிங்களுக்கான தனி வைஃபை) ஒண்ணு இருக்குமே, போன் அதுல ஒட்டிக்கிட்டிருந்தா இன்டர்நெட் ஜம்முனு வரும், டிவி மட்டும் கண்ணுல படாது, ஏன்னா கெஸ்ட்ல இருக்கறதை மத்த சாதனங்களோட பேச விடாம தடுத்து வெச்சிருப்பாங்க. போன்ல விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியா திருப்பி விடற ஆப்) ஓடினாலும் இதே கதைதான்.

அப்புறம் போன்ல இருக்கறதை டிவியில காட்ட ரெண்டு வழி இருக்கு, காஸ்ட் வேற, மிராகாஸ்ட் வேற. காஸ்டுக்குத்தான் ஒரே நெட்வொர்க் வேணும், 2012-ல வந்த மிராகாஸ்ட் வைஃபை டைரக்ட்ங்கற நேரடி இணைப்புல டிவியைப் புடிச்சுக்கும், ரௌட்டரே தேவையில்ல, ஆனா ஐபோன்ல அது கிடையாது, ஐபோனுக்கு ஆப்பிளோட சொந்த வழியான ஏர்ப்ளே இருக்கற டிவி வேணும்.

சுத்திக்கிட்டே இருந்தா ரிமோட்ல ஆஃப் பண்ணி பிரயோஜனமில்ல (டிவி சும்மா தூங்கும், அவ்ளோதான்), பிளக்கையே புடுங்கி ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க, டிவி செட்டிங்ஸ்ல பழசா இருக்கற உங்க போன் பேரை டெலிட் பண்ணிட்டு புதுசா சேருங்க.

எல்லாம் சரியாகி நெட்ஃபிளிக்ஸ் மட்டும் கருப்பா வந்தா அது ரிப்பேர் இல்ல, காப்பியடிக்காம இருக்கப் போட்ட பூட்டு. அந்த ஆப்பை டிவியிலயே திறந்துக்குங்க.