ரெண்டு பிரஷ் பிளெண்டிங்: சேர்ந்துபோன கேள்விகளுக்கு பதில்

மினியேச்சர் பெயிண்டிங்ல (குட்டிக் குட்டி பொம்மைக்கு கலர் அடிக்கறது) ரெண்டு பிரஷ் வெச்சு பிளெண்ட் பண்ண, அதாவது ஒரு பிரஷ்ல கலர் வெச்சு இன்னொரு ஈர பிரஷ்ல அதோட ஓரத்தை இழுத்து கரைக்க, பழகுறவங்க கேட்ட கேள்வி நிறைய சேர்ந்துடுச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்ல நேரம் வாய்க்கல, அதனால மொத்தமா இங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இதுல பாதிக்கு மேல கேள்விக்கு பதில் ஒண்ணேதான்: உங்க ரெண்டாவது பிரஷ்ல தண்ணி ஜாஸ்தி.

கே: லேயரிங் (மெலிசா ஒண்ணு மேல ஒண்ணா கலர் அடுக்கறது) எனக்கு ஓரளவு நல்லாவே வருது. இதை வேற எதுக்கு கத்துக்கணும்?

கட்டாயம்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா அங்கி, குதிரை உடம்பு, டிராகன் றெக்கை மாதிரி பரப்பா இருக்கற இடத்துல லேயரிங்னா ஏழெட்டு லேயர் போட்டாதான் கலர் மாறுற இடம் தெரியாம இருக்கும், இதுல மூணு நாலு இழுப்புல அது வந்துடும். முகத்துக்கு நான் இதை சொல்லமாட்டேன். 28 மி.மீ. ஃபிகர்ல தலையே மிளகு சைஸ்தான், அதுல போய் ரெண்டு பிரஷ்ஷை எங்க ஓட்டுவீங்க, அங்க லேயரிங்கும் கிளேஸிங்கும் (நல்லா தண்ணியா கரைச்ச கலரை மேல பூசறது) போதும்.

கே: வீடியோல பார்த்தா ஈஸியா இருக்கு, கையில வரமாட்டேங்குது. நிதானமா சொல்லுங்களேன்.

சிவப்பு அங்கி ஒண்ணு எடுத்துக்கலாம். நடுத்தர சிவப்புல பேஸ் கோட் (அடிக் கலர்) போட்டு நல்லா காயவிடுங்க, இந்த இடத்துல அவசரப்பட்டா மிச்ச எல்லாம் வேஸ்ட். ஹைலைட்டுக்கு (வெளிச்சம் படற மேட்டுக்கு) ஆரஞ்சு கலந்த சிவப்பு. லேயரிங்குக்கு பெயிண்ட்டை பால் பதத்துக்கு கரைப்போம்ல, இதுக்கு அவ்வளவு தண்ணியா வேண்டாம், தோசை மாவு பதம் சரியா இருக்கும். முதல் பிரஷ்ல மடிப்போட மேடு மேல ஒரே ஒரு கோடு. உடனே ரெண்டாவது பிரஷ், அதுல பெயிண்ட்டே கிடையாது, வெறும் ஈரம்தான். அதை கோட்டுக்கு நடுவுல வைக்காதீங்க, கோட்டோட ஓரத்தை மட்டும் தொட்டு பள்ளத்து பக்கமா சின்னச் சின்ன வளைவா இழுங்க. பெயிண்ட் மெலிஞ்சுகிட்டே போய் எங்க முடிஞ்சதுன்னே தெரியக்கூடாது. இதெல்லாம் பத்து எண்றதுக்குள்ள முடியணும், அதனால ரெண்டு பிரஷ்ஷும் ஒரே கையில விரலிடுக்குல இருக்கணும், கீழ வெச்சுட்டு இன்னொண்ணு எடுத்தா அதுக்குள்ள காஞ்சிருக்கும். பிரஷ் மாத்துறது மட்டும் எனக்கு ஒரு வாரம் பிடிச்சுது, பென்சில் ரெண்டு வெச்சுகிட்டு டிவி பார்த்துட்டே பழகினேன், வீட்ல ஒரு மாதிரி பார்த்தாங்க.

கே: ஈரம்னா எவ்வளவு ஈரம்?

இதான் சரியான கேள்வி. தண்ணில நனைச்சு, டிஷ்யூல படுக்க வெச்சு ஒரு உருட்டு உருட்டுங்க. அப்புறம் கட்டைவிரல் நகத்து மேல ஒரு தடவு தடவிப் பாருங்க. நகம் லேசா மினுங்கி ரெண்டு மூணு செகண்ட்ல காஞ்சா கரெக்ட். துளி நின்னா ஜாஸ்தி, ஒண்ணுமே தெரியலன்னா கம்மி. ஒவ்வொரு இழுப்புக்கு முன்னாடியும் இதை பண்ணுங்க, கொஞ்ச நாள்ல கைக்கே தெரிஞ்சுடும்.

வெளிநாட்டுக்காரங்க பலபேர் பிரஷ்ஷை நாக்குல வெச்சு ஈரப்படுத்துவாங்க, எச்சில் தண்ணி மாதிரி சட்டுனு பரவாது, அதனால பிளெண்ட் நல்லாவும் வரும். ஆனா நான் சொல்லமாட்டேன். ஆர்ட்டிஸ்ட் டியூப்ல காட்மியம், கோபால்ட்னு உடம்புக்கு ஆகாத பிக்மென்ட்லாம் (கலர் பொடி) வருது, எந்த கலர்ல எது இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் லேபிள் பார்த்துட்டா நக்கப் போறீங்க?

கே: சென்னை வெயில்ல பெயிண்ட் வெச்ச உடனே காஞ்சுடுது. என்னதான் பண்றது?

முதல்ல தலைக்கு மேல ஓடுற ஃபேனை நிறுத்துங்க. வேர்த்துக் கொட்டும், வேற வழியில்ல. நாம அடிக்கற அக்ரிலிக் பெயிண்ட்ல தண்ணி ஆவியா போனதும் உள்ள இருக்கற பிளாஸ்டிக் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் எவ்வளவு தண்ணி வெச்சாலும் திரும்ப கரையாது, காத்து பட்டா அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஏசி ரூம்னாலும் காத்து நேரா மேல அடிக்காத மூலையா பார்த்து உக்காருங்க.

அப்புறம் வெட் பேலட், அதாவது பெயிண்ட்டை காயவிடாம வெச்சிருக்கற ஈரத் தட்டு. காசு கொடுத்து வாங்கணும்னு இல்ல, மூடி டைட்டா இருக்கற டிபன் பாக்ஸ்ல ஸ்பாஞ்ச் போட்டு தண்ணி ஊத்தி மேல பேக்கிங் பார்ச்மென்ட் விரிச்சா போதும். பட்டர் பேப்பர்னு விக்கறதுல மெழுகு தடவினதும் வரும், அது ஆகாது, ஈரத்தை மேல விடாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை ஸ்பாஞ்சை கழுவிடுங்க, இல்லன்னா திறந்ததும் குப்புனு ஒரு வாடை அடிக்கும் பாருங்க.

ரிடார்டர் (பெயிண்ட் மெதுவா காயறதுக்கு கலக்கறது) கலக்கலாம், ஆனா ஒரு பொட்டு. நான் ஒரு காலத்துல புத்திசாலித்தனமா மெடிக்கல் ஷாப் கிளிசரின் வாங்கி தாராளமா கலந்து ஒரு குதிரைவீரனுக்கு அடிச்சேன், பிளெண்ட் என்னமோ வெண்ணெய் மாதிரி வந்துச்சு, ஆனா நாலு நாள் கழிச்சு எடுத்தப்பவும் பிசுபிசுன்னு இருந்து குதிரை முதுகுல என் கட்டைவிரல் ரேகை அப்படியே விழுந்துடுச்சு. இன்னும் ஷெல்ஃப்ல அப்படியேதான் நிக்குது.

கே: காஞ்சதுக்கு அப்புறம் ஓரத்துல காபிக் கறை மாதிரி வளையம் வருது.

காபிக் கறை வர்ற அதே காரணம்தான். ஓரம் முதல்ல காயும், நடுவுல இருக்கற தண்ணி பிக்மென்ட்டையும் இழுத்துகிட்டு ஓரத்துக்கு ஓடும், அங்கயே சேர்ந்துடும். அதாவது தண்ணி ஜாஸ்தி (சொன்னேன்ல). வளையம் வந்துட்டா பாதி காஞ்சதுல மறுபடி பிரஷ் வைக்காதீங்க, தோல் மாதிரி உரிஞ்சு வரும். முழுசா காயவிட்டு பேஸ் கலரையே நல்லா தண்ணியா கரைச்சு அந்த ஓரத்து மேல ஒரு கிளேஸ் கொடுங்க, அமுங்கிடும்.

கே: ஹைலைட் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போகுது.

நேரா வெள்ளை கலக்கறீங்கன்னு நினைக்கறேன். டைட்டானியம் வெள்ளை கலந்தா சிவப்பு ரோஸாயிடும், மெலிசா இழுத்தா பொடிப் பொடியாவும் தெரியும். சிவப்புக்கு ஆரஞ்சு, அதுக்கு மேல ஸ்கின் டோன். பச்சைக்கு மஞ்சள். மத்த கலருக்கு ஐவரி.

கே: சேபிள் பிரஷ் (மிருக முடில செஞ்சது) வாங்கியே ஆகணுமா?

ஒண்ணு வாங்குங்க, ஆனா பெயிண்ட் வைக்கறதுக்கு இல்ல, ரெண்டாவது பிரஷ்ஷுக்கு. எல்லாரும் இதை தலைகீழா பண்றாங்க. கோடு போட கூர்மையா இருக்கற 1-ம் நம்பர் சிந்தெடிக்கே போதும். ஈரத்தை பிடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா விடற வேலையை சேபிள் முடிதான் ஒழுங்கா செய்யும், 2-ம் நம்பரா பாருங்க, முனை தேய்ஞ்ச பழசா இருந்தாலும் பரவால்ல.

கே: ஆயில் பெயிண்ட்ல இந்த அவஸ்தையே இல்லையாமே?

ஆமா, மணிக்கணக்கா இழுத்துகிட்டே இருக்கலாம். காய நாள்கணக்கா ஆகும், தின்னர் வாடை வேற, ஜன்னலை திறந்து வெச்சாகணும். பொறுமை இருந்தா பண்ணுங்க, எனக்கு இல்ல.

கே: ஃபிகர் எல்லாம் விலை. எதுல பழகறது?

பிளாஸ்டிக் ஸ்பூன். பார்சல் சாப்பாட்டோட வர்றதை யாரும் தூக்கிப் போடாம பார்த்துக்கங்க. அதோட முதுகு அங்கி மடிப்பு மாதிரியே வளைஞ்சிருக்கும். பிரைமர் (பெயிண்ட் ஒட்டறதுக்கு முதல்ல அடிக்கற பூச்சு) அடிச்சுட்டு ஆரம்பிங்க, மழை நாள்ல ஸ்ப்ரே பிரைமர் வேண்டாம், சொரசொரன்னு படிஞ்சுடும், பிரஷ்ல தடவுற பிரைமரே போதும். ஒரு ஸ்பூனுக்கு ஒரே ஒரு பிளெண்ட், சரியா வரலன்னா திருத்தாம அடுத்த ஸ்பூன் எடுங்க. எனக்கு இருபதுக்கு மேல ஆச்சு. கைப்பிடியை மட்டும் உடைச்சுடாதீங்க, பிடிச்சுக்கவும் டம்ளர்ல நட்டு காயவைக்கவும் அதான் வசதி.