நீடாமங்கலம் கேட்டில் கொதிக்கும் அம்பாசடர்

கேள்வி: அப்பா வாங்கிய 1972 அம்பாசடர் மார்க் 2 வைத்திருக்கிறேன். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விட்டதால் போன மாதம் வேறு ஹெட் போட்டோம், அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் புதிது. அதற்கு முன் இந்த வண்டி சூடானதே இல்லை. இப்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றால் சூட்டு முள் எகிறுகிறது. வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், அதிலும் சரியாகாவிட்டால் ஹெட்டை மறுபடி இறக்கலாம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஹெட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள், தம்பி. ஓடும்போது முள் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல சேதி. கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பாரம் ஏற ஏறச் சூடும் ஏறும். நின்றால் சூடாகி, ஓடினால் தணிகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டர், பேன் பெல்ட், பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்.

கும்பகோணத்தில் என் பட்டறைக்குத் திருவாரூர் பக்கத்திலிருந்து இதே போல் ஒரு அம்பாசடர் வந்தது. வேறொரு பட்டறையில் ஹெட்டை இரண்டு தடவை இறக்கி ஏற்றியிருந்தார்கள். நான் இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முன்னால் உள்ளங்கையை மேலிருந்து கீழே கொண்டுபோனேன். மேலே அனல் அடித்தது. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சில்லென்று இருந்தது. அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. கழற்றி மேல் தொட்டியைப் பிரித்தால், செங்கல் பொடியைக் குழைத்து அப்பியது போலத் துருச் சேறு. வருடக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றி இன்ஜின் பிளாக்குக்குள் படிந்திருந்த காறை, ஹெட்டைத் தட்டிக் கழற்றியபோது பெயர்ந்து, ஓட்டத்தோடு வந்து ரேடியேட்டரில் அடைத்திருக்கிறது. ராடு விட்டுக் குத்திச் சுத்தம் செய்ததும் சரியானது. உங்கள் வண்டியிலும் இதைத்தான் சந்தேகப்படுகிறேன். கையால் பார்க்கும்போது இன்ஜின் கண்டிப்பாக நின்றிருக்க வேண்டும், பேன் கையை வெட்டிவிடும்.

அதற்கும் முன்னால், காசில்லாமல் பார்க்கக்கூடியது காற்று அடைப்பு. தண்ணீர் முழுக்க வடித்து நிரப்பிய வண்டியில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்று சிக்கும். நம் ஊரில் மேடு ஏது? பாமணி ஆற்றங்கரைச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி வெளியேறும். தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட வேண்டாம், விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் காற்று தானே வெளியேறும்.

கேஸ்கட் மேல் சந்தேகம் தீர ஒரு சோதனை. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுவது, அது சுற்றாததால் தண்ணீர் அசையாது. அப்படியும் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் புகை தண்ணீரில் கலக்கிறது, அப்போது ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

டைமிங் தாமதமாக இருந்தாலும் இப்படித்தான் நின்ற இடத்தில் சூடாகும். ஹெட் வேலையின்போது அந்த நேரத்தை அமைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தினார்களா என்று கேளுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கொதிநிலை கூடும், ரப்பர் தளர்ந்தால் அந்த லாபம் போச்சு.

அப்புறம், இனி போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி முறுக்கி, வால்வுகளின் டேப்பெட் இடைவெளியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். குமிழி வந்ததா இல்லையா என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.