தாத்தாவின் வெள்ளிக் காசை நம்பி கிரெடிட் கார்டில் குடும்பம் நடத்தலாமா?

கேள்வி: போன வருடம் தாத்தா காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் 84 வெள்ளி ரூபாய்களும், ஓட்டைக் காலணா, நிக்கல் ரூபாய் என்று ஒரு டப்பா நிறையச் சில்லறையும் இருந்தன. உயில் இல்லை. அப்பா பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். மைத்துனர் யூடியூப் வீடியோக்களைக் காட்டி “20 லட்சம் போகும்” என்றார். அந்தத் தைரியத்தில் மாடி கட்ட 4 லட்சம் பர்சனல் லோன் (15%, 5 வருடம்) எடுத்தேன். சம்பளத்தில் 9,500 தவணைக்கே போவதால் மளிகையும் பள்ளிக் கட்டணமும் கிரெடிட் கார்டில் ஓடின. கார்டு பாக்கி 1,10,000. காசு விற்றதும் அடைத்துவிடலாம் என்று மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுகிறேன். ஆன்லைனில் ஒருவர் 1862-ம் வருட ரூபாய் ஒன்றுக்கே 3 லட்சம் தருகிறாராம். முதலில் ‘ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம்’ 18,500 அனுப்பச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நண்பர் மூலம் விற்கலாம் என்கிறார் மைத்துனர். அத்தை இப்போது பங்கு கேட்கிறார். என்ன செய்வது?
(திருச்சி வாசகர்)

பதில்: பெட்டியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களை அரிப்பது அந்த மினிமம் டியூ. 1,10,000 பாக்கிக்கு மாதம் 3.5% வட்டி என்றால் 3,850. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 700 ரூபாய். ஆக 4,550. நீங்கள் கட்டும் மினிமம் 5% என்றால் 5,500. அசலில் குறைவது மாதம் 950 ரூபாய்தான். அதே மாதம் மளிகைக்கு மறுபடி கார்டைத் தேய்த்தால் அதுவும் இல்லை. காசு விற்கட்டும் என்று ஒவ்வொரு மாதம் காத்திருப்பதற்கும் நீங்கள் கொடுக்கும் வாடகை இந்த 4,550.

இனி பெட்டிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியல்படி விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் 64. இவை ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் 91.7% வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி 10.69 கிராம். மீதி 20-ம் 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் காசுகள். போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், காசுக்கு 5.83 கிராம்தான். 64-க்கு 684, 20-க்கு 117, மொத்தம் 800 கிராம். கிராம் 200 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் (விற்கும் அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்) 1,60,000. தேய்மானம், வியாபாரி லாபம் என்று 10% கழித்தால் 1,44,000. தாத்தா சுயமாகச் சேர்த்தது, உயிலும் இல்லை, பாட்டியும் இல்லை என்றால் அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் சம பங்கு. உங்கள் அப்பாவின் பங்கு 48,000. அத்தை கேட்பது தொந்தரவு இல்லை, சட்டப்படி அவருடைய உரிமை. 20 லட்சம் என்று நினைத்துக் கடன் வாங்கியது இந்த 48,000-ஐ நம்பித்தான்.

“1862 ஆயிற்றே, பழசாயிற்றே” என்பீர்கள். அந்த வருடத்தை மாற்றாமலே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். அதனால் பழைய பெட்டிகளில் அதிகம் கிடைப்பதே 1862 தான். வருடம் பழசு என்பதால் விலை ஏறாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் விலை. நீங்கள் தேட வேண்டியது வேறு. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். அது இருந்தால் வெள்ளி விலைக்குக் கொடுக்காதீர்கள். 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதைவிட அரிது. அரிது என்பதாலேயே வருட எண்ணைச் சுரண்டி மாற்றிய போலிகளும் உண்டு. கடைசி எண்ணை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ராமர், அனுமன் படத்தோடு ‘1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்று போட்ட அரையணா இருந்தால் அது காசே இல்லை, பிற்காலத்தில் செய்த வில்லை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம்.

விற்கும் முன் ஒரு நகைத் தராசும் ஒரு காந்தமும் போதும். 1946, 47 ரூபாய்கள் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளிக் காசு ஒட்டினால் போலி. எடை 11.3-க்குக் கீழே போனால் அதிகம் தேய்ந்தது, அல்லது சந்தேகத்துக்குரியது. 64-ஐயும் 20-ஐயும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். கலந்து கொட்டினால் எல்லாவற்றுக்கும் பாதி வெள்ளி விலைதான் வரும். வெள்ளிக் கடைக்குப் போகும் முன் காசு வியாபாரிகள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். முக்கியமாக, புளி, விபூதி, பேஸ்ட் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தக் கருமையோடுதான் சேகரிப்பாளர் வாங்குவார். பளபளத்த காசு அவருக்கு வெறும் வெள்ளி.

அமெரிக்கா யோசனையை இன்றே கைவிடுங்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உங்களிடம் உள்ள விக்டோரியா, எட்வர்ட் காசுகள் எல்லாமே அதில் அடங்கும். நண்பரின் பெட்டியில் அவை பிடிபட்டால் மைத்துனர் வந்து மீட்க மாட்டார்.

கார்டை அடைக்கக் காசு விற்கும்வரை காத்திருக்காதீர்கள். மனைவி சம்மதித்தால் வங்கியில் அவர் நகையை வைத்து 1,10,000 எடுத்து இந்த வாரமே மொத்தமாகக் கட்டுங்கள். வட்டி 9.5% அளவில் என்றால் முதல் மாதம் 870 ரூபாய். மாதத் தவணை வகையாகக் கேளுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை உங்களுக்கு ஆகாது. கார்டுக்குக் கட்டிய அதே 5,500-ஐ இதற்குக் கட்டினால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். நடுவில் அப்பா தன் 48,000-ஐக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே வருடம். ஆனால் கார்டு பர்ஸில் இருக்கக் கூடாது. இருந்தால் நகையும் போய்க் கார்டு பாக்கியும் வளரும். 15% லோன் பாட்டுக்கு ஓடட்டும், அவசரம் அதில் இல்லை.

மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் காசுகளின் பட்டியலை எழுதிவிட்டு விற்று, அவரவர் கணக்கிலேயே பணத்தைப் போடச் சொல்லுங்கள். வரியைப் பொறுத்தவரை, வாரிசாக வந்ததற்கு வரி இல்லை, விற்ற லாபத்துக்கு உண்டு. அப்பாவுக்குப் பெரிய வருமானம் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசியில் டிஜிட்டல் வெள்ளியில் மாதம் 1,000 போடலாமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. வெள்ளிக்கும் அந்த எச்சரிக்கையைப் பொருத்திக்கொள்ளுங்கள். 42% வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு எந்த முதலீடும் வேண்டாம்.

18,500 கேட்பவருக்குப் பதிலே போட வேண்டாம். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை, அதற்குக் கட்டணம் வசூலிப்பதும் இல்லை. தன் பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டிருக்கிறது. ஆதாரோ வங்கி விவரமோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.