சிவப்பு ஸ்விட்ச் மேல் என்ன கோபம்?

கேள்வி: காலையில் பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து ஸ்டாண்டிலிருந்து பைக்கை எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மச்சினனை வரச்சொல்லி, செகண்ட் கியரில் போட்டுத் தள்ளியும் பார்த்தாயிற்று. கே.கே. நகர் வரை உருட்டிக்கொண்டு போனோம். மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார், வலது கைப்பிடி பக்கம் இருக்கும் சிவப்பு ஸ்விட்சைத் தட்டினார், வண்டி கிளம்பிவிட்டது! டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு நூறு ரூபாய் கேட்கிறார். இது அநியாயம் இல்லையா? எதற்கும் உதவாத அந்த ஸ்விட்சைக் கழற்றி, ஒயரை நேராக இணைத்து டைரக்ட் பண்ணிவிடலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: டைரக்ட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். மழை ஈரத்தில் வண்டி சறுக்கி விழுகிறது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் கசிகிறது என்று வையுங்கள். அல்லது ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டு, கையை விட்டாலும் வேகம் குறையவில்லை. அந்த நேரத்தில் சாவித் துவாரத்தைத் தேட யாருக்கு நிதானம் இருக்கும்? கைப்பிடியை விடாமல் கட்டைவிரலாலேயே இன்ஜினை நிறுத்தத்தான் அதை அங்கே, அதுவும் சிவப்பு நிறத்தில் வைத்திருக்கிறார்கள். வளைந்த அம்பின் மேல் பெருக்கல் குறி போட்ட பக்கம் அழுத்தினால் இன்ஜின் நிற்கும். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய எத்தனை பேருக்கு இந்தப் படம் தெரியும் என்பது வேறு கதை.

சரி, அதை அணைத்தது யார்? ஸ்டாண்டில் வண்டிகளை நெருக்கி அடுக்கும்போது ஒரு கை பட்டிருக்கலாம். எனக்கென்னவோ சந்தேகம் உங்கள் மேல்தான். கோரிப்பாளையம் சிக்னலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த ஸ்விட்சைத் தட்டி வண்டியை நிறுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதே பழக்கத்தில் ஸ்டாண்டிலும் தட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் சாவியைக்கூடத் திருப்புவதில்லை. மீட்டர் விளக்கும் பின்விளக்கும் எரிந்து பேட்டரி காலியாகிவிடும்.

அந்தச் சிவப்பு ஸ்விட்ச் அணைந்திருந்தால் பிளக்கில் பொறி வராது. கிக்கரை உதைத்தாலும் வராது, செகண்ட் கியரில் தள்ளினாலும் வராது. பாவம் உங்கள் மச்சினன். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்து அனுப்பும் பழைய வண்டியில் ஒவ்வொரு உதைக்கும் பெட்ரோல் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்துவிடும். பிறகு ஸ்விட்சைப் போட்டாலும் வண்டி முரண்டுபிடிக்கும். மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றியது அதனால்தான். அடுத்த முறை அப்படி ஆனால் சோக்கை ஆஃப் பண்ணிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை உதையுங்கள்; பெரும்பாலும் கிளம்பிவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் காதே போதும். அநேகமாக எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்ஷன், அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் வண்டிகள். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் ‘உய்ங்’ என்று சில விநாடி சத்தம் கொடுக்கும். சிவப்பு ஸ்விட்ச் அணைந்திருந்தால் பல மாடல்களில் அந்தச் சத்தம் வராது, செல்ஃபும் சுற்றாது. பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காமல் கட்டைவிரலை ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் சைடு ஸ்டாண்டையும் கியரையும் பாருங்கள். ஸ்டாண்டு இறங்கியிருந்தாலோ, கிளட்சைப் பிடிக்காமல் கியரில் நின்றாலோ ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் இப்போது நிறைய.

நூறு ரூபாய் விஷயம். வெறும் ஸ்விட்சைத் தட்டியதற்கு என்றால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வந்திருப்பேன். நீங்கள் உதைத்து நனைத்த பிளக்கை அவர் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறார். போதாததற்கு டீயும் அவர் காசு. மச்சினனுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தாரா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.