கணவரின் ரொக்க வருமானத்தை மறைத்துவிட்டோம். இப்போது எப்படித் தெரிவிப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறோம். கணவரின் கிடங்கு வேலைச் சம்பளம் போதாததால் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுகிறோம். அவர் 14 மாதங்களாக வார இறுதிகளில் ஓர் உணவகத்திலும் வேலை செய்து, மாதம் சுமார் 400 பவுண் கையில் வாங்குகிறார். அதை நாங்கள் தெரிவிக்கவில்லை. இன்னும் கடிதம் எதுவும் வரவில்லை. சொன்னால் சிறைக்குப் போக நேருமோ என்று பயமாக இருக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. வேலையை விடுவதால் இனி வரும் மாதங்கள்தான் சரியாகுமே தவிர, கடந்த 14 மாதங்களில் கூடுதலாகப் பெற்ற தொகை அப்படியே நிற்கும். தெரிந்தே மௌனமாக இருந்த காலமும் நாளுக்கு நாள் நீளும். கிடங்குச் சம்பளம் வருமான வரித்துறை வழியாகத் தானாகவே கொடுப்பனவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதால், அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதலாளி பதிவு செய்யாமல் கையில் கொடுக்கும் பணம் அந்த வழியில் போவதில்லை. அதைத் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. தம்பதியாக விண்ணப்பித்திருப்பதால் இருவருக்குமே அந்தப் பொறுப்பு உண்டு. கூடுதல் தொகையை இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம்.

நீங்கள் பயப்படும் அளவுக்குத் தொகை பெரிதாக இராது. பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கழிவு (கணக்கில் எடுக்காமல் விடப்படும் வருமானத்தின் ஒரு பகுதி) போக மீதமுள்ள ஒவ்வொரு பவுண் வருமானத்துக்கும் 55 பென்ஸ்தான் குறைக்கப்படும். அந்தக் கழிவைக் கிடங்குச் சம்பளமே ஏற்கெனவே தீர்த்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, வரியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 400 பவுணுக்கு மாதம் 220 பவுண் கூடுதலாகப் பெற்றிருக்கிறீர்கள். 14 மாதங்களுக்கு 3,080 பவுண். இதைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். ஆனால் தவணையாகச் செலுத்தலாம். தவணை தாங்க முடியாததாக இருந்தால் குறைக்கும்படி கேட்கலாம்.

தண்டனையைப் பொறுத்தவரை, நேர்மையின்றி மறைத்ததாகக் கருதினால் 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். கடுமையான பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. அது உச்சவரம்பு, உங்கள் அளவிலான தொகைக்கு அதை எதிர்பார்ப்பது மிகை. வழக்குக்குப் பதிலாக, கூடுதல் தொகையில் பாதியை நிர்வாக அபராதமாகக் கட்டச் சொல்லும் வழியும் உண்டு. தாமாக முன்வந்து சொன்னவருக்கு வழக்கு வராது என்று எவரும் உறுதி தர முடியாது. ஆயினும், வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும்போதும், நீதிமன்றத்தில் தண்டனை குறிக்கும்போதும், கேட்பதற்கு முன்பே சொன்னவரின் நிலை, கடிதம் கண்டபின் சொன்னவரின் நிலையைவிட வெகுவாக மேலானது.

இந்த வாரமே சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பையோ, கொடுப்பனவுச் சட்டம் அறிந்த சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஒருவரையோ சந்தியுங்கள்; நீங்கள் எழுதப்போவது ஒப்புதல் வாக்குமூலமாகவும் பயன்படக்கூடும் என்பதே இந்த எச்சரிக்கைக்குக் காரணம். அதற்காக மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம். பின்னர் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் பகுதியான ஆன்லைன் ஜர்னலில், "என் கணவர் இன்ன மாதத்திலிருந்து வார இறுதிகளில் உணவகத்தில் வேலை செய்து ரொக்கமாகப் பெற்ற வருமானத்தைத் தெரிவிக்கத் தவறிவிட்டோம்; மாதவாரியான விவரம் கீழே" என்று எழுதுங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டு விடாதீர்கள். எழுத்தில் இருந்தால்தான் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதற்குச் சான்று இருக்கும். வேலை நேரத்தைக் காட்டும் குறுஞ்செய்திகள், நாட்குறிப்பு, வங்கியில் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டு தொகையைக் கணக்கிடுங்கள். உத்தேசமானவற்றை உத்தேசம் என்றே குறிப்பிடுங்கள். முதலாளிக்குச் சிக்கல் வருமே என்று தொகையைக் குறைத்தோ, சட்டம் தெரியாது என்று பொய்க்காரணம் சேர்த்தோ எழுதினால், அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

கவுன்சில் வரிச் சலுகை பெறுகிறீர்களானால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். செலுத்தாத வருமான வரியை வரித்துறையிடம் சொல்வதும் வேறொரு வேலை. அதற்கென ஆன்லைன் வசதி உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், நன்னடத்தைச் சோதனையில் இந்த விவகாரம் வரக்கூடும் என்பதைச் சொலிசிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் எச்சரிக்கையின் கீழான நேர்காணலுக்கு (சொல்வது சாட்சியமாகப் பயன்படலாம் என்று எச்சரித்துவிட்டு நடத்துவது) அழைப்பு வந்தால், அது ஒலிப்பதிவு செய்யப்படும் குற்ற விசாரணை. தனியாகப் போகாமல், சொலிசிட்டருடன் செல்ல ஏதுவாக வேறு நாள் கேளுங்கள்.