விங்ஸ்: வேன் ஏறிக் கிளம்பிய குழு

சார், வணக்கம்.

பீட்டில்ஸ் இசைக்குழு பிரிந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் இருந்த பால் மெக்கார்ட்னி அடுத்து ஆரம்பித்த விங்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். பெரிய ஏமாற்றம். கீபோர்டு வாசிக்கவே தெரியாத மனைவியைச் சேர்த்துக்கொண்டு அவர் ஏன் இன்னொரு குழு ஆரம்பிக்க வேண்டும்? தனியாகவே பாடியிருக்கலாமே?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் ஆல்பம் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1971 டிசம்பரில் வந்த அந்த ‘வைல்ட் லைஃப்’ அவசரத்தில் செய்தது, கேட்டாலே தெரியும். நானும் அதைப் பாதியில் நிறுத்தியவன்தான்.

ஆனால் தனியாகப் பாடியிருக்கலாமே என்கிறீர்கள். பாடிப் பார்த்துவிட்டுத்தான் குழுவுக்கு வந்தார். 1970இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் டிரம்ஸ், பேஸ், கிடார், பியானோ எல்லாம் அவரே வாசித்ததுதான். அது முடியாமல் போனதால் குழு தேடவில்லை, நாலு பேரோடு சேர்ந்து வாசிப்பது அவருக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1972 பிப்ரவரியில் என்ன செய்தார் தெரியுமா? குழந்தைகள், நாய்கள், வாத்தியங்கள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு, எந்த அறிவிப்பும் இல்லாமல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போய், இங்கே வாசிக்கலாமா என்று மாணவர்களிடம் கேட்டார்கள். மறுநாள் மதியமே கச்சேரி. உலகமே மனப்பாடமாக வைத்திருந்த பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. கைவசம் புதுப்பாட்டு குறைவு என்பதால் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். வசூலான சில்லறையை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்புறம் அடுத்த ஊர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அவர் மனைவி லிண்டா விஷயத்தில் நான் உங்களோடு உடன்படமாட்டேன். ஆமாம், கணவரிடம்தான் கீபோர்டு கற்றுக்கொண்டார், அதற்காகப் பத்திரிகைகள் அவரைக் கொடுமையாகக் கிழித்தன. ஆனால் 1973இல் ஆல்பம் பதிவு செய்ய நைஜீரியாவின் லாகோஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கிடாரிஸ்ட் ஹென்றி மெக்கல்லாவும் டிரம்மர் டென்னி சைவெலும் விலகிவிட்டார்கள். இருவரும் தேர்ந்த கலைஞர்கள். விமானம் ஏறியது பால், குழுவின் இன்னொரு கிடாரிஸ்ட் டென்னி லெய்ன், லிண்டா, இந்த மூன்று பேர்தான். அங்கே போனபிறகு தெருவில் கத்தியைக் காட்டி, பாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்த டேப்புகளையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். நினைவில் இருந்ததை வைத்து மறுபடி உருவாக்கினார்கள், டிரம்ஸை பாலே வாசித்தார். அப்படி வந்ததுதான் ‘பேண்ட் ஆன் த ரன்’. விங்ஸ் என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருகிற ஆல்பம்.

முதல் ஆல்பத்தை விட்டுவிடுங்கள். இதை ஹெட்ஃபோனில், முடிந்தால் இரவில், முழுசாகக் கேளுங்கள். பால் குரலை உயர்த்தும் இடங்களில் பின்னால் சேர்ந்துவரும் குரல்களில் லிண்டாவைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.