‘எடல்வைஸ்’ யாருடைய பாட்டு?

கேள்வி: ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் ‘எடல்வைஸ்’ பாட்டை அமெரிக்க நாடகக்காரர்கள் இருவர் எழுதியதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தீர்கள். அது ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல். 1938க்கு முன்பு அந்த நாட்டின் தேசிய கீதமும் அதுதான். படத்தில் அரங்கமே சேர்ந்து பாடுகிறதே, அது போதாதா? காலங்காலமாக மக்கள் பாடிவந்த பாட்டை இரண்டு பேருக்குத் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்? மறுப்பு வெளியிடுவீர்களா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: வெளியிட மாட்டேன். பாட்டை எழுதியவர் இரண்டாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். இசையமைத்தவர் ரிச்சர்ட் ரோஜர்ஸ். ஆண்டு 1959. நியாயத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால், அந்தப் பாட்டு பிறந்த கதையை முழுவதும் சொல்லிவிடுகிறேன். பிறகு யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ முதலில் மேடையில்தான் வந்தது. படம் வந்தது 1965இல். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, 1959 நவம்பர் 16 அன்று நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் நாடகம் அரங்கேறியது. அந்தக் காலத்தில் பிராட்வேக்கு வரும் இசை நாடகங்களை முதலில் வேறு ஊர்களில் சில வாரங்கள் நடத்திப் பார்ப்பார்கள். பார்வையாளர்கள் எங்கே நெளிகிறார்கள், எங்கே கைதட்டுகிறார்கள் என்று கவனித்துப் பாட்டுகளை வெட்டுவார்கள், புதிதாகச் சேர்ப்பார்கள். இந்த நாடகம் நியூ ஹேவனிலும் பாஸ்டனிலும் அப்படி நடந்தது. அப்போது ஒரு குறை தெரிந்தது. ஆஸ்திரியாவை நாஜிகளிடம் இழந்து, குடும்பத்தோடு வெளியேறப் போகிற கதாநாயகன் கேப்டன் வான் டிராப், அந்த நாட்டிடம் விடைபெற்றுக்கொள்ள ஒரு பாட்டுகூட இல்லை.

கேப்டனாக நடித்தவர் தியடோர் பைக்கெல். அவரே வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த பிறகு, சிறுவனாகப் பெற்றோருடன் அங்கிருந்து வெளியேறியவர். கிதார் வாசித்து நாட்டுப்பாடல்கள் பாடுவதில் பெயர் பெற்றவரும்கூட. அந்தக் குரலுக்கும் அந்தக் கிதாருக்கும் பொருந்தும்படி, பாஸ்டனில் நாடகம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, எழுதிச் சேர்த்த பாட்டுதான் ‘எடல்வைஸ்’. நாட்டுப்பாடல் போல ஒலிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது அப்படி ஒலிக்கிறது என்பதால் அது நாட்டுப்பாடலாகிவிடாது. பைக்கெல் பின்னாளில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு: ரசிகர் ஒருவர் அவரிடம் வந்து, இந்தப் பாட்டு தனக்கு நெடுநாளாகவே தெரியும், ஆனால் ஜெர்மன் மொழியில்தான் தெரியும் என்றாராம்! இல்லாத ஜெர்மன் மூலத்தையே நினைவுபடுத்திக்கொள்ளச் செய்யும் அளவுக்கு அந்த வேலை நேர்த்தியாக அமைந்திருந்தது.

எப்படி அமைந்தது? மூன்று தட்டு வால்ட்ஸ் நடையில், யாரும் எளிதில் பிடித்துக்கொள்ளும் மெட்டை ரோஜர்ஸ் போட்டார். சொற்களைப் பாருங்கள். கொடி கிடையாது, அரசன் கிடையாது, போர் கிடையாது, வீரம் கிடையாது. ஆஸ்திரியா என்ற பெயர்கூட ஓரிடத்திலும் இல்லை. தினமும் காலையில் கண்ணில் படும் எடல்வைஸ் என்ற சின்ன வெள்ளைப் பூவிடம் ஒருவன் பேசுகிறான். கடைசி அடியில் மட்டும் என் தாய்நாட்டை வாழ்த்து என்கிறான். அந்த ஓர் அடிக்காகவே மற்ற எல்லா அடிகளும் குரலைத் தாழ்த்திக் காத்திருக்கின்றன. இவ்வளவு எளிமையை அடைவதற்கு நாற்பது ஆண்டு எழுத்துப் பயிற்சி தேவைப்பட்டது. ஹாமர்ஸ்டைனுக்கு இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. 1927இல் ‘ஷோ போட்’ நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் இசையில் அவர் எழுதிய ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டையும், மிசிசிப்பிக் கரைக் கறுப்பினத் தொழிலாளர்களின் பழம்பாடல் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். 1959 செப்டம்பரில் ஹாமர்ஸ்டைனுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய். ஓரளவு தேறி பாஸ்டனுக்கு வந்து, அந்த உடல்நிலையோடு இந்தப் பாட்டை எழுதினார். அவர் எழுதிய கடைசிப் பாட்டு இது. 1960 ஆகஸ்ட் 23 அன்று தமது 65ஆம் வயதில் காலமானார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. சாகப் போகிற ஒரு மனிதர், பிறந்த மண்ணைப் பிரியும் இன்னொருவனுக்காக எழுதிய விடைபெறும் பாட்டை, பெயர் தெரியாத யாரோ எழுதியது என்று சொல்லிவிட்டு நம்மால் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? மக்கள் படைத்ததை மக்களுக்குக் கொடுங்கள் என்று நீங்கள் சொல்வது நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கே அந்த எண்ணம் ஒரு கவிஞனின் கடைசி உழைப்பைப் பறிக்கிறது.

தேசிய கீதம் என்ற பேச்சு இதைவிடப் பெரிய தவறு. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவின் கீதமாக இருந்தது ஓட்டோகர் கெர்ன்ஷ்டாக் என்ற பாதிரியார் எழுதிய பாட்டு. அதன் மெட்டு, 1797இல் இசையமைப்பாளர் ஹைடன் தம் பேரரசருக்காக அமைத்தது. அதே மெட்டைத்தான் ஜெர்மனியும் 1922 முதல் தன் கீதத்துக்கு வைத்திருந்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். படத்தில் கேப்டன் ‘எடல்வைஸ்’ பாடும் ஆஸ்திரிய நகரமான சால்ஸ்பர்க்கின் மேடையில், நாஜி அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, கேப்டன் தன் நாட்டின் உண்மையான கீதத்தைப் பாடியிருந்தால், அவர்களும் எழுந்து நின்று தங்கள் சொற்களால் அதே மெட்டைப் பாடியிருக்கலாம்! அந்தக் காட்சிக்கு எந்த அரசின் கையும் படாத மெட்டு ஒன்று தேவை. அது அன்றைய ஆஸ்திரியாவின் கீதத்தில் கிடைத்திருக்காது. படத்தில் அந்தக் காட்சி அவ்வளவு ஆழமாக நெஞ்சில் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அரங்கமே பாடுகிறதே என்கிறீர்கள். அது இயக்குநர் ராபர்ட் வைஸ், சால்ஸ்பர்க்கில் பாறையைக் குடைந்து கட்டிய பழைய குதிரைப் பயிற்சி அரங்கில் படமாக்கிய காட்சி. கதையில் வரும் கூட்டம் வரலாற்றுக்குச் சாட்சி சொல்ல முடியாது. அங்கே வாயசைப்பவர் கிறிஸ்டோபர் பிளம்மர் என்றாலும், ஒலிக்கும் பாட்டுக் குரல் பில் லீ என்ற பாடகருடையது. அவர் பெயரும் எத்தனை பேருக்குத் தெரியும்? உண்மையான கேப்டன் வான் டிராப் 1947இலேயே அமெரிக்காவில் இறந்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த பாட்டை அவர் பாடியிருக்க வழியே இல்லை.

ஆஸ்திரியர்களுக்கோ இந்தப் படமே வெகுகாலம் அந்நியம். வான் டிராப் குடும்பத்தின் கதையை அவர்கள் 1956இல் வந்த மேற்கு ஜெர்மானியப் படத்தின் வழியாக ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். ஹாலிவுட் படம் வந்தபோது, நாஜிகள் வரும் பகுதியை வெட்டிவிட்டுக் கல்யாணத்தோடு முடித்துக் காட்டிய கொடுமை ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்தது. தயாரிப்பு நிறுவனம் தலையிட்டுத்தான் வெட்டிய பகுதி மீண்டும் சேர்ந்தது. சால்ஸ்பர்க்கின் மாநில நாடக அரங்கில் இந்த இசை நாடகம் ஏறுவதற்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழப்பம் வளர்ந்ததெல்லாம் வெளியே. 1984இல் ஆஸ்திரிய அதிபருக்கு வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தபோது, ரொனால்ட் ரீகன் தம் வாழ்த்துரையில் இந்தப் பாட்டின் வரிகளைத்தான் சொன்னார். பூ அவர்களுடையது, அதில் சந்தேகம் இல்லை; ஆஸ்திரியாவின் 2 சென்ட் நாணயத்தில் எடல்வைஸ் பூ இருக்கிறது.

ஆஸ்திரியாவின் இன்றைய கீதம் வேறு. ‘மலைகளின் நாடே, ஆற்றோர நாடே’ என்று தொடங்கும் அந்தப் பாட்டை எழுதியவர் பவுலா ஃபான் பிரெராடோவிச் என்ற பெண் கவிஞர். அது 1947இல் கீதமானது. எழுதியவர் பெண்ணாக இருந்தும் அதன் முதல் பத்தி அந்நாட்டின் மகன்களை மட்டுமே புகழ்ந்துகொண்டிருந்தது. நெடிய வாதத்துக்குப் பிறகு 2012 முதல்தான் அந்த அடியில் மகள்களும் இடம்பெறுகிறார்கள். உங்களுக்கு ஆஸ்திரிய கீதம் ஒன்றைக் கேட்க ஆசை இருந்தால், இதைத் தேடிக் கேளுங்கள்.